பாலன் அந்தப் பக்கம், மாதா இந்தப் பக்கம்

அன்பு மகன் அமலனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் வழக்கம். இந்தத் தடவை அப்படிப் போக முடியவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் மேலும் உன் அப்பா மேலும் எனக்கு இருக்கிற எரிச்சல்தான் இந்த மாதம் முழுக்க என் தலைவலி. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் 'சரிம்மா, சரிம்மா' என்பாய், பின்னால் கம்ப்யூட்டர் தட்டுகிற சத்தம் கேட்கும். கடிதம் என்றால் ஒரு முறையாவது முழுதாகப் படித்துத்தான் ஆக வேண்டும். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ சென்னையிலிருந்து பார்சலில் அனுப்பினாயே, கிறிஸ்துமஸ் குடிலுக்கு மாதா, பாலன், ராஜாக்கள் என்று சுரூபங்கள் முழு செட், அது இப்போது நம் வீட்டில் இல்லை. நான்தான் தூக்கிக் கொடுத்துவிட்டேன். கோபம் வந்தால் வரட்டும், ஆனால் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படு. நீ நல்ல மனசோடுதான் அனுப்பினாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தை மாதம் நடக்கப்போகிற உன் கல்யாணத்துக்கு உன் பெரியப்பா வராமல் போவதற்கு என்னென்ன வேண்டுமோ, அத்தனையையும் ஒரே அட்டைப்பெட்டியில் போட்டு, சுற்றிலும் தெர்மோகோல் வைத்து, உடையாமல் அனுப்பிவைத்தாய்.

உனக்கு இந்த வீட்டின் கதை அரைகுறையாகத்தான் தெரியும். உன் அப்பாவின் தாத்தா சுருட்டு வியாபாரத்தில் சம்பாதித்து வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய வீடு. சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்தரம், தெருவைப் பார்த்து எட்டுத் தூண். நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது இது ஒரே வீடு, ஒரே அடுப்பு. கிறிஸ்துமஸ் வந்தால் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் தலைகால் புரியாது. மூங்கிலைச் சிம்பாகக் கிழித்து நட்சத்திரம் கட்டுவார்கள், மைதாப் பசை காய்ச்ச என்னை விரட்டுவார்கள், கலர் தாளை ஒட்டி உள்ளே நாற்பது வாட் பல்பைத் தொங்க விடுவார்கள். அகரத்துப் பக்கமிருந்து மாட்டு வண்டியில் சவுக்குக் கிளை வரும். பெரிய ஹாலில் சிமெண்டுச் சாக்குத் தாளைக் கசக்கி மலை, முகம் பார்க்கிற கண்ணாடியை மல்லாத்திப் போட்டுக் குளம், சிரட்டையில் கேழ்வரகு முளைக்கப் போட்டுப் புல்வெளி. குடிதண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தரம் வருகிற ஊர் இது. குடத்தைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டை நான் வடித்துக்கொண்டிருப்பேன், இவர்கள் செம்பு செம்பாக மொண்டு சிரட்டைக்கு ஊற்றுவார்கள். கேட்டால் 'பாலன் பொறக்கிற எடத்துல பச்ச இல்லாட்டி எப்படி' என்பார்கள். பாலன் பிறக்கிற வீட்டில் உலை வைக்கவும் தண்ணீர் வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றியதே இல்லை.

அந்தக் குடிலில் வைக்கிற சுரூபங்கள் சாதாரணமானவை அல்ல. பிரான்சிலிருந்து வந்து இங்கே வேலை பார்த்த சாமியார் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது உன் கொள்ளுத்தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனவை. மாதாவின் நீல அங்கியில் ஒரு பக்கம் சாயம் போயிருக்கும். சூசையப்பருக்குச் சுண்டுவிரல் கிடையாது. ஆனால் அந்தப் பாலனின் முகத்தைப் போல ஒரு முகத்தை நான் வேறு எந்தக் கோவிலிலும் பார்த்ததில்லை. தூங்கி எழுந்து, அழலாமா சிரிக்கலாமா என்று யோசிக்கிற பிள்ளையின் முகம் அது. நீ பிறந்து கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தாய்.

உன் தாத்தா காலமான பிறகு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சுருட்டு வியாபாரமும் படுத்துவிட்டது. பெரியப்பா வீட்டை விற்றுவிடலாம் என்றார். அப்பா விற்கக் கூடாது என்றார். பேச்சு முற்றி, 'விக்கிறவன் மொகத்துல இனி முழிக்க மாட்டேன்' என்று இவர் சொல்ல, 'நீ முழிக்காட்டி எனக்குப் பொழுது விடியாதாக்கும்' என்று அவர் சொல்ல, ஊர்ப் பெரிய மனிதர்கள் நாலு பேர் வந்து பாகம் பிரித்தார்கள். ஹாலுக்கு நடுவே சுவர் எழும்பியது. அப்போது நீ ஆறாம் வகுப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் கேரம் போர்டு போய்விட்டது என்று அழுதாயே, ஞாபகம் இருக்கிறதா? விற்றே தீருவேன் என்ற பெரியப்பா இன்று வரை விற்கவில்லை, அது வேறு விஷயம். இந்த வீட்டு ஆண்பிள்ளைகள் ஒரு காரியத்தைச் செய்வதற்காகச் சண்டை போடுவதில்லை. சண்டைக்காகத்தான் காரியத்தைக் கையில் எடுப்பார்கள்.

அண்டா, குத்துவிளக்கு, ஊஞ்சல் எல்லாம் பிரித்தாகிவிட்டது. கடைசியில் சுரூபப் பெட்டி மிஞ்சியது. யாராவது ஒருவர் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் வந்திருந்த பெரியவர். இரண்டு பேருமே சம்மதிக்கவில்லை. 'சரிபாதியாப் பிரிங்க' என்றார் உன் அப்பா. நான் அடுக்களை வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன். மூத்தவர் என்பதால் பெரியப்பா முதலில் எடுத்தார். பாலனை எடுத்தார். அப்பா கண்ணை உருட்டிக்கொண்டு மாதாவை எடுத்தார். அவர் சூசையப்பர், இவர் இறக்கை விரித்த சம்மனசு. அவர் மாடு, இவர் கழுதை. கபடிக்கு ஆள் பிரிக்கிற மாதிரி மாறி மாறி எடுத்தார்கள். மூன்று ராஜாக்களில் ஒருவர் அங்கே போனார், இரண்டு பேர் இங்கே வந்தார்கள். அதற்கு ஈடாக ஒட்டகம் அங்கே போயிற்று. கர்த்தருடைய குடும்பத்தைப் பாகம் பிரித்த வீடு இந்த ஜில்லாவிலேயே இது ஒன்றுதான் இருக்கும்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பற்றிக்கொண்டும் வருகிறது. சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடில், அந்தப் பக்கம் ஒரு குடில். நம் குடிலில் மாதா வெறும் வைக்கோலைப் பார்த்து மண்டியிட்டிருந்தார். அவர்கள் குடிலில் சூசையப்பர் கைப்பிள்ளையோடு தனியாக நின்றார். பங்குச்சாமியார் தீர்த்தம் தெளித்து வீடு மந்திரிக்க வந்தவர் நம் குடிலைப் பார்த்துவிட்டு, 'ஏம்மா, மாதா யாரத் தேடுறாங்க?' என்று கேட்டார். நான் விரலால் சுவரைக் காட்டினேன். அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்து அண்ணன் தம்பி இரண்டு பேரையும் தெருவில் கூப்பிட்டு நிறுத்தி, பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போலத் திட்டினார். 'தாயையும் பிள்ளையையும் பிரிச்சு வச்சிட்டு ரெண்டு பேரும் பூசையில நன்மை வாங்க வரிசையில நிக்கிறீங்களா? இனிமே ஒரு வருசம் குடில் அங்க, மறு வருசம் இங்க. யாரு முறையோ அவுக மத்தவுக வீட்டுக்குப் போய்க் கேட்டு வாங்கணும். பொம்பளைய, பிள்ளைய அனுப்பக் கூடாது. தானே போய்க் கேக்கணும்.' சாமியார் சொன்னதால் இரண்டு பேரும் தலையாட்டினார்கள். அவர் மாறிப் போய், அவருக்குப் பின் எத்தனையோ சாமியார்கள் வந்துவிட்டார்கள். அந்த ஏற்பாடு மட்டும் நிலைத்துவிட்டது.

முதல் தடவை கேட்க வந்தது உன் பெரியப்பாதான். இருபத்துநாலாம் தேதி சாயங்காலம். வாசல்படிக்கு வெளியே நின்றார். 'மாதாவக் கேக்க வந்தேன்' என்றார். அப்பா பெட்டியை நீட்டினார். 'பாத்து. மூக்குல அடி படாம.' 'எனக்குத் தெரியும்.' அவ்வளவுதான், ஒரு வருஷத்துப் பேச்சு. மறுவருஷம் அப்பா போனார். நான் இங்கே சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். வைக்கவே தேவையில்லை. உன் கொள்ளுத்தாத்தா கட்டிய சுவர் பீரங்கிக்கும் அசையாது, இவர்கள் எழுப்பிய ஒற்றைக்கல் சுவரில் தும்மினால்கூட அந்தப் பக்கம் கேட்கும். திருப்பிக் கொடுக்கிற வேலை மட்டும் எங்களுக்கு. ஜனவரி ஆறாம் தேதி ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் நானும் உன் பெரியம்மாவும் கிணற்றடியில் பெட்டியைக் கைமாற்றிக்கொள்வோம். கிணறு பொது, அங்கே சுவர் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு நாளும் பேச்சு நின்றதில்லை. எங்களுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது?

சுரூபத்துக்கு ஏற்பாடு வந்ததே ஒழிய, அலங்காரத்துக்கு வரவில்லை. அது பெரிய யுத்தமாகப் போனது. வீட்டு முகப்பில் நாலு தூண் அவர்களுக்கு, நாலு தூண் நமக்கு. அவர்கள் பாதிக்கு நீலம் அடித்தார்கள், உன் அப்பா சந்தன நிறம் அடித்தார். அவர்கள் ஒரு நட்சத்திரம் கட்டினால் இவர் அதைவிட ஒரு முழம் பெரிதாகக் கட்டுவார். ஊரில் 'ரெண்டு நட்சத்திர வீடு' என்றே பெயராகிவிட்டது. எதிர்வீட்டு பாய் ஒரு தடவை உன் அப்பாவிடம், 'சார், அந்த ராஜாக்க இப்ப வந்தாகன்னா எந்த நட்சத்திரத்தப் பாத்துத் திரும்புவாக? மலைக்கோட்டையச் சுத்திக்கிட்டே இருப்பாக' என்றார். அப்பாவுக்கு அது கேலி என்று புரியவே இல்லை. 'நம்மளதுதான் பெருசு' என்று பதில் சொன்னார். சீரியல் லைட் வந்தது. பாட்டுப் பாடுகிற சீரியல் லைட் வந்தது. மூன்றே மூன்று பாட்டைக் கீச்சுக் குரலில் அது விடிய விடியப் பாடும். அவர்களும் அதையே வாங்கினார்கள், ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைப் பாடாது. இரண்டாயிரம் பிறந்த கிறிஸ்துமஸுக்கு இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் போட்டதில் பியூஸ் போய், இரண்டு வீடும் இருட்டாகிவிட்டது. மீட்டர் பெட்டி அவர்கள் பக்கம். பெரியப்பா டார்ச் லைட்டோடு பியூஸைக் கட்டிவிட்டு, சுவருக்கு மேலாகக் குரல் கொடுத்தார்: 'பாட்ட நிறுத்தச் சொல்லு, நானும் நிறுத்துறேன்.' அப்பா நிறுத்தினார். அன்றைக்குத்தான் நான் ஒரு வாரத்துக்குப் பிறகு தூங்கினேன்.

அதற்குப் பிறகு நீ காலேஜுக்குப் போனாய், பெரியப்பா மகள் ஸ்டெல்லாவும் படிக்கப் போனாள், யுத்தத்துக்கு ஆள் குறைந்துவிட்டது. சவுக்குக்குப் பதிலாகக் குடை மாதிரி மடக்குகிற பிளாஸ்டிக் மரம் வந்தது. மூங்கில் நட்சத்திரம் போய்க் கடையில் தொங்குகிற நட்சத்திரம் வந்தது. கேழ்வரகு முளைக்கப் போடுவது நின்றுவிட்டது. இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, குடத்தில் தண்ணீர் மிஞ்சுகிறது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அலங்காரம் குறையக் குறைய, அந்த இருபத்துநாலாம் தேதிப் பேச்சு நீண்டுகொண்டே வந்தது. ஒரு வருஷம் பெரியப்பா பெட்டியை வாங்கிக்கொண்டு, 'சக்கரை எம்புட்டு இருக்கு?' என்று கேட்டார். ஒரு வருஷம் உன் அப்பா அங்கே போய், 'அமலனுக்கு மெட்ராஸ்ல வேல கெடச்சிருச்சு' என்று சொல்லிவிட்டு வந்தார். உள்ளே போய் உட்கார்ந்ததில்லை, பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ கூப்பிட்டதும் இல்லை. மொட்டையாகப் பேசுவார்கள். ஆனால் அந்தந்த வருஷத்துப் பெரிய சங்கதி எதுவோ, அது அந்தப் பெட்டி கைமாறுகிற நேரத்தில்தான் கைமாறும். ஸ்டெல்லா கல்யாணத்தைப் பெரியப்பா அப்படித்தான் சொன்னார். மாதாவைக் கேட்க வந்தவர், 'பொண்ணுக்கு எரியோட்டுல முடிவாயிருக்கு. வரணும்' என்றார். உன் அப்பா போனார், முன்னால் நின்று பந்தி கவனித்தார், மறுநாளிலிருந்து இருவரும் பழையபடி ஊமை.

அதனால்தான் இந்த வருஷம் ஐப்பசியில் உனக்கு நிச்சயம் ஆனதும் நான் உன் அப்பாவிடம், 'அண்ணனுக்குச் சொல்லிருங்க' என்றேன். 'இந்த வருசம் நம்ம முறைதான. பாலனக் கேக்கப் போறப்ப சொல்லிக்கிர்றேன். அவுகளும் அப்படித்தான சொன்னாக' என்றார். நாள் எண்ணிக்கொண்டுதான் இருந்தார் மனிதர். கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்ததைக்கூட ஒரு நாள் கேட்டேன். நடுவில் நீ போன் செய்தபோது உன்னிடம் புலம்பியிருக்கிறார். 'இந்த வருசமும் அந்த ஆளு வாசல்ல போய் நிக்கணுமப்பா' என்று சொன்னாராம். உடனே உனக்கு அப்பா மேல் பாசம் பொங்கி, கடைக்கு ஓடி, முழு செட்டாக வாங்கி அனுப்பிவிட்டாய். கூடவே வெள்ளி நிறத்தில் பந்துகள், வெள்ளை ரிப்பன், 'அம்மா, இந்த வருஷம் எல்லாம் ஒயிட் அண்ட் சில்வர்' என்று ஒரு சீட்டு. பார்சலைப் பிரித்த உன் அப்பா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து டிவி மேல் வரிசையாக வைத்தார். பாலன் தலைக்குப் பின்னால் பேட்டரி விளக்கு எரிகிறது. 'பாத்தியா எம் மகன. இனி எவன் வாசலுக்கும் போக வேண்டியதில்ல' என்றார். 'அப்ப கல்யாணத்த எப்பச் சொல்லுவீங்க?' என்று கேட்டேன். 'பத்திரிகையத் தபால்ல போட்டுருவோம்' என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற அண்ணனுக்குத் தபாலில் பத்திரிகை. ஒரு செங்கல்லை உருவினால் கையால் கொடுத்துவிடலாம், அமலா.

உனக்குக் கல்யாணம் ஆகப்போகிறது, அதனால் இதைச் சொல்கிறேன். புலம்பல் வேறு, விண்ணப்பம் வேறு. உன் அப்பா புலம்பினால் அவருக்கு அந்தக் காரியம் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. அந்த வாசலில் போய் நிற்பதுதான் அவருடைய வருஷத்திலேயே பெரிய காரியம். அதற்காக மூன்று நாள் முன்னாலேயே சட்டையை இஸ்திரி போட வைப்பார். அதை நீ ஒரு அட்டைப்பெட்டியை அனுப்பிப் பறித்துவிட்டாய். நாளைக்கு உன் வீட்டுக்காரி, 'எங்க அம்மாவோட தினமும் போன்ல ஒரே தொல்லை' என்று சொல்லுவாள். உடனே போன் லைனை வெட்டி உதவி செய்துவிடாதே. முதலில் கேள். மறுபடியும் கேள். ஆம்பளைப் பிள்ளைகளுக்கு ஒரு கஷ்டத்தைக் கேட்டால் கை சும்மா இருப்பதில்லை, எதையாவது வாங்க வேண்டும், எதையாவது கழற்றி மாட்ட வேண்டும். சில கஷ்டங்களைக் கழற்றினால் வீட்டுக் கூரையே இறங்கிவிடும்.

டிசம்பர் பிறந்து கொஞ்ச நாளில் உன் பெரியம்மா கிணற்றடியில் என்னிடம் வந்து நின்றாள். வாளியை இறக்கவில்லை, கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றாள். 'தங்கச்சி, புதுசு வந்திருச்சாமே' என்றாள். பார்சல்காரன் வழி கேட்டது அவர்கள் வாசலில்தானாம், பெட்டி மேல் படம் வேறு போட்டிருந்ததாம். 'ஆமாக்கா' என்றேன். 'அப்ப கொழுந்தனாரு வரமாட்டாருல்ல' என்றாள். 'எங்க வீட்டுக்காரவுக டிசம்பர் ஒண்ணாந் தேதியே பெட்டிய எறக்கித் தொடச்சு வச்சிட்டாக. புதுசு வந்த சேதி தெரிஞ்சதுலேருந்து ஒழுங்காச் சாப்பிடல. கேட்டா வெஞ்சனம் நல்லா இல்லங்காக. முப்பத்தஞ்சு வருசமா அதே கையிதான வைக்கிது.' உன் கல்யாணச் சேதியை அவளிடம் நான் என்றைக்கோ சொல்லிவிட்டேன், அது அவருக்கும் போயிருக்கும். 'வாயத் தொறந்து ஒருத்தரு சொல்லாம எப்படிப் போறதுன்னு கேக்குறாக' என்றாள். கல்யாணத்தன்று வீட்டிலிருந்து கிளம்பும்போது உன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்ப வேண்டிய மூத்த கை அவருடையது. தாத்தாவுக்குப் பிறகு இந்தக் குடும்பத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? உன் அப்பாவுக்கு மாமன் மச்சான் ஆயிரம் பேர், அண்ணன் ஒருத்தர்தான்.

அன்றைக்கே உன் அப்பாவிடம் சொன்னேன். கெஞ்சினேன், கத்தினேன், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தேன். நான் பேசாமல் இருந்ததை அவர் கவனிக்கவே இல்லை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பிறகு பேசிப் பயனில்லை என்று தெரிந்துகொண்டேன். சாணார்பட்டிப் பக்கம் நான் கடைசியாக டீச்சர் வேலை பார்த்த ஊரில் ஒரு சின்னக் கோவில் இருக்கிறது. குடிலில் காலண்டர் படத்தை அட்டையில் ஒட்டி நிறுத்திவைத்திருப்பார்கள். அந்தக் கோவிலைக் கவனித்துக்கொள்கிற உபதேசியாருக்குப் போன் செய்து வரச்சொல்லி, உன் அப்பா முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்த நேரத்தில் செட்டு முழுவதையும் கொடுத்தனுப்பினேன். வெள்ளிப் பந்துகளை மட்டும் வைத்துக்கொண்டேன். அவை யாரையும் யாரிடமிருந்தும் பிரிக்கவில்லை. அப்பா வந்து டிவியின் வெறுந்தலையைப் பார்த்தார். 'யாரக் கேட்டுக் குடுத்த?' என்றார். 'யாரையும் கேக்கல. கேக்க வேண்டியது நீங்கதான், அடுத்த வீட்ல' என்றேன். அன்று அவர் போட்ட சத்தத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டார்கள். நானும் விடவில்லை. நம் பங்குச் சுரூபங்களை எடுத்து ஹாலில் குடிலைக் கட்டினேன். மாதா, சம்மனசு, கழுதை, இரண்டு ராஜாக்கள். நடுவில் வைக்கோலைப் போட்டு அதை வெறுமையாகவே விட்டேன். 'வெறுந்தொட்டியாவே கெடக்கட்டும்' என்றார் அவர். கிடக்கட்டும் என்றேன் நானும்.

இருபத்துநாலாம் தேதி வந்தது. காலையில் போவார் என்று பார்த்தேன், போகவில்லை. மத்தியானம் பலகாரம் சுட்டுக்கொண்டே வாசலையே பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டார், ஆனால் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் வழக்கம்போலக் கரண்ட் போயிற்று. மெழுகுவர்த்தியை ஏற்றிக் குடிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். கொடுத்தனுப்பியது தப்போ, புதுப் பாலனாவது இருந்திருக்குமே, கல்யாணமும் போய் கிறிஸ்துமஸும் போய்விட்டதே என்று அந்த முறுக்குத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது வாசலில் ஒரு செருமல் கேட்டது. எட்டிப் பார்த்தால் உன் பெரியப்பா. வெளுத்த வேட்டி, தோளில் நேரியல், கையில் துண்டால் சுற்றிய பெட்டி. அவருடைய முறை இல்லாத வருஷத்தில் அவர் இந்தப் படியில் கால் வைத்ததே கிடையாது.

'வாங்க மச்சான்' என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, நாற்காலியிலிருந்து எழுந்து நின்ற தம்பியைத்தான் பார்த்தார். 'ஏலே, பாலனக் கேக்க ஆளு வரல. காலையிலேருந்து உக்காந்து பாத்தேன். பெறகு பூசைக்கு நேரமாயிருமேன்னு நானே எடுத்தாந்துட்டேன்' என்றார். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தார். 'புதுசு இருந்தா சொல்லு, இதக் கொண்டு போயிர்றேன்.' 'புதுசெல்லாம் இல்ல. இவ தூக்கிக் குடுத்துட்டா' என்றார் உன் அப்பா, அந்த நேரத்திலும் என்னைக் கோள் சொல்லாமல் இருக்க முடியவில்லை அவருக்கு. 'நல்ல காரியம் பண்ணுச்சு' என்றார் பெரியப்பா. அப்பா போய்ப் பெட்டியை வாங்கினார். வாங்கிக்கொண்டு, கண்ணாடி முன்னால் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்ததையெல்லாம் மறந்துவிட்டு, 'அமலனுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம்ணே. நீங்கதான் நின்னு நடத்தணும்' என்றார். சுவர் எழும்பிய நாளிலிருந்து அந்த வாயில் அண்ணன் என்ற சொல் வந்ததில்லை. 'கெணத்தடிச் சேதி எனக்கு எப்பவோ வந்திருச்சு. ஒன் வாயால வரணும்னுதான உக்காந்திருந்தேன்' என்றார் பெரியப்பா, உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் அழுதேன், அமலா. அடுக்களைக்குள் போய் முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதேன். இதை உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது?

ஆனால் நிம்மதி என்று ஒன்று இந்த வீட்டில் காப்பி ஆறுகிற நேரத்துக்குக்கூட நிற்காது. பெரியப்பா இரண்டு மடக்குக் குடித்திருப்பார், 'மாப்பிள்ளை எங்க வாசல் வழியாத்தான் எறங்கணும்' என்றார். பாகம் பிரித்தபோது பெரிய நிலைக்கதவு அவர்கள் பக்கம் போய்விட்டது. நம் வாசல் ஜன்னலை இடித்துப் போட்டது. 'அப்பா எறங்குன வாசலு, நீயும் நானும் எறங்குன வாசலு' என்றார் அவர். 'எம் மகன் எம் வாசல் வழியாப் போகாம, திருட்டுப்பயலாட்டம் அடுத்த வீட்டு வழியாவா போவான்?' என்றார் இவர். குரல் ஏறியது. பூசைக்குப் போகிற வழியெல்லாம் அதே பேச்சு, முன்னால் போனவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பாலனை வைக்கோலில் வைத்தபோதுகூட ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு அதைத்தான் பேசினார்கள். கிறிஸ்துமஸன்று அதே வாக்குவாதம் சுவர் வழியாக நடந்தது. நேற்று மத்தியானம் உன் அப்பா சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார், இன்னொரு நியாயம் ஞாபகம் வந்துவிட்டதாம். ஈரக்கையோடு போய் அவர்கள் கதவைத் தட்டினார். இத்தனை வருஷத்தில் இருபத்துநாலாம் தேதி அல்லாத ஒரு நாளில் அவர் அந்தக் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை. இருட்டிய பிறகுதான் வந்தார், ராச்சாப்பாட்டை அங்கேயே முடித்துவிட்டு.

இரண்டு பேரும் உனக்குப் போன் செய்யப் போகிறார்கள். எந்த வாசல் வழியாக இறங்குகிறாய் என்று கேட்பார்கள். நீ படித்தவன், கெட்டிக்காரன், ஒரே நிமிஷத்தில் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வழி உனக்குத் தோன்றிவிடும். உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன் ராசா, அதை அவர்களிடம் சொல்லிவிடாதே. கல்யாணத்தன்று காலையில் சொல்கிறேன் என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா